கிரேடு 1 ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்திருக்கு, ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணுமா?

கேள்வி: 3 நவம்பர் 2025

வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கம்பெனியில் எல்லாருக்கும் மாஸ்டர் செக்கப் எடுத்தார்கள், எனக்கு வயிற்று ஸ்கேனில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று வந்திருக்கிறது. டாக்டரைக் கேட்டால் "இப்ப எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்க, நடங்க, சரியாயிரும்" என்று அனுப்பிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் எம்ஆர்ஐ எடுத்தால்தான் ஆரம்பத்திலேயே தெரியும் என்கிறார். இன்னொருவர் ஃபைப்ரோஸ்கேன் என்கிறார். ஊசி போட்டுச் சதை எடுக்காமல் வெறும் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிட முடியுமா? முடியும் என்றால் எதற்குக் காசு செலவு பண்ணலாம்?

3 நவம்பர், இரவு

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஃபைப்ரோஸ்கேன் மிஷின் ஓடுவது என் கையில்தான், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

தம்பி, இப்போதைக்கு எதற்கும் காசு கட்டாதீங்க. உங்கள் செக்கப் ரிப்போர்ட்டிலேயே பாதி பதில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைப் பக்கத்தில் மூன்று எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்: கல்லீரல் என்சைம்களான ஏஎஸ்டி (எஸ்ஜிஓடி என்றும் போட்டிருப்பார்கள்), ஏஎல்டி (எஸ்ஜிபிடி), அப்புறம் பிளேட்லெட். மீதி நாளைக்கு.

4 நவம்பர்

முதலில் அந்த "கிரேடு 1" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சாதாரண அல்ட்ராசவுண்டில் கொழுப்பை யாரும் அளப்பதில்லை. கல்லீரலையும் பக்கத்தில் உள்ள வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்க வேண்டும். கல்லீரல் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தால் கிரேடு 1. உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கினால் 2. உதரவிதானமே சரியாகத் தெரியாத அளவுக்குப் பின்பக்கம் இருண்டு போனால் 3. ஆக இது பார்க்கிறவர் கண்ணையும், மிஷினில் பிரகாசம் எப்படி வைத்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு சென்டரில் எடுத்து, ஒன்றில் நார்மல் ஒன்றில் கிரேடு 1 என்று வந்து என்னிடம் சண்டை போட்டதும் உண்டு.

அதைவிட முக்கியம், செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே ஃபேட்டி லிவர் என்பதுதான் கணக்கு. ஆனால் அல்ட்ராசவுண்ட் கண்ணுக்கு அது உறுதியாகத் தெரிவது 20, 30 சதவீதத்துக்கு அப்புறம்தான். அதனால் "நார்மல்" என்று வந்தவர்களில் சிலருக்கும் இருக்கும். கிரேடு 1 என்று வந்துவிட்டால் அது ஒன்றும் நேற்று முளைத்ததல்ல.

எம்ஆர்ஐ பற்றி உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது சரிதான். எம்ஆர்ஐ-பிடிஎஃப்எஃப் என்று ஒரு முறை இருக்கிறது. கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் காந்தத்துக்குள் கொஞ்சம் வேறுவேறு அலைவரிசையில் பேசும், அதைப் பிரித்துக் கல்லீரலில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று நேரடியாகச் சொல்லிவிடும். மருந்து ஏற்ற வேண்டாம், மூச்சைக் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். 5 சதவீதத்தையும் பிடிக்கும். ஊசி போட்டு எடுக்கும் துண்டு மொத்தக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான், இது முழுசையும் பார்த்துவிடுகிறது. புது மருந்து சோதிக்கிறவர்கள் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு 7 சதவீதமா 11 சதவீதமா என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? டாக்டர் சொல்லப் போவது இரண்டுக்கும் அதே நடைதான். விலையும் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரி விலை.

சிடி என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு எதற்கோ எடுத்த சிடியில் மண்ணீரலைவிடக் கல்லீரல் கருத்துத் தெரிந்து தற்செயலாக மாட்டுவது உண்டு. இதற்கென்றே கதிர்வீச்சு வாங்குவது தேவையில்லாத வேலை. லேசான கொழுப்பை அது காட்டவும் காட்டாது.

4 நவம்பர், சற்று நேரம் கழித்து

ஃபைப்ரோஸ்கேனை விட்டுவிட்டேன். பேஷண்ட் வந்துவிட்டார். பொழுதோட எழுதுகிறேன்.

4 நவம்பர், இரவு

சரி. இது பாரிஸில் இருக்கும் எகோசென்ஸ் என்ற கம்பெனியின் மிஷின், 2003 வாக்கில் வந்தது. மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்வோம், விலா எலும்புகளுக்கு நடுவில் இடம் விரிவதற்காக. ஜெல் தடவி புரோபை வைத்துப் பட்டனை அழுத்தினால் யாரோ விரலால் சுண்டிவிட்டது போல இருக்கும், அவ்வளவுதான் வலி. அந்தத் தட்டு நொடிக்கு 50 அதிர்வுள்ள அலையாக உள்ளே போகிறது. அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பின்னாலேயே அல்ட்ராசவுண்ட் பார்க்கிறது. கல்லீரல் இறுகியிருந்தால் வேகம் கூடும். இதுதான் கிலோபாஸ்கல் என்று ரிப்போர்ட்டில் வரும் எண்.

கூடவே இன்னொரு எண் வரும், கேப் என்று. அது டெசிபல் கணக்கு, 100க்கும் 400க்கும் இடையில் இருக்கும். கொழுப்பு அதிகமானால் ஒலி அதிகம் தேயும், அந்தத் தேய்மானத்தை அளப்பது. ஐரோப்பிய வழிகாட்டியில் 275க்கு மேல் போனால் கொழுப்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் பார்த்தவரை வருகிற ஆட்களில் பெரும்பாலோர் கேட்பது கேப்பைத்தான். "கொழுப்பு எத்தனைங்க?" கிலோபாஸ்கலை யாரும் கேட்பதில்லை. ஆனால் உங்களைப் பின்னால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கப் போவது கொழுப்பு இல்லை, அந்த இறுக்கம்தான், அதாவது தழும்பு. கொழுப்பு நிறைய இருந்தும் இறுக்கமே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. கொழுப்பு கொஞ்சமாக இருந்து இறுகிப் போனவர்களும் உண்டு. கிலோபாஸ்கல் 8க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 8 முதல் 12 வரை நடுவாந்திரம், டாக்டர் யோசிக்க வேண்டியது. 12க்கு மேல் என்றால் கல்லீரல் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

5 நவம்பர்

எண்கள் வந்துவிட்டன: ஏஎஸ்டி 30, ஏஎல்டி 49, பிளேட்லெட் 2.5 லட்சம், வயது 38.

இதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, மொபைல் கால்குலேட்டரே போதும். வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள், 1140. ஏஎல்டியின் வர்க்கமூலம் 7, அதைப் பிளேட்லெட்டால் (ஆயிரக்கணக்கில், அதாவது 250) பெருக்கினால் 1750. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 0.65. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டும். நடுவில் விழுகிறவர்களுக்குத்தான் ஃபைப்ரோஸ்கேன் உண்மையிலேயே வேலைக்கு ஆகும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது, 65க்கு மேல் 1.3க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

தம்பி, உங்களுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் இருக்கிறதா, இடுப்பு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

5 நவம்பர், இரவு

இடுப்பு 34 என்று எழுதியிருக்கிறார். அது பேண்ட் சைஸ்! நம்ம ஊரில் ஆம்பளைங்க பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டிவிட்டு "அதே 34தான், கல்யாணத்துல இருந்து மாறல" என்று பெருமை பேசுவார்கள். டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதுதான் இந்தியர்களுக்கு வைத்திருக்கும் எல்லை. பனியன் கம்பெனியில் டேப்புக்கா பஞ்சம்.

9 நவம்பர்

கோபிசெட்டிபாளையத்து அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு எஸ்ஜிபிடி நார்மல், அப்ப லிவர் நல்லாருக்குதுன்னுதானே அர்த்தம்?" இல்லைங்க அக்கா. ஃபேட்டி லிவர் உள்ள பலருக்கு அது நார்மலாகவே இருக்கும், இறுக்கம் உள்ளவர்களிலும் சிலருக்கு அப்படித்தான். சுகர் இருந்தால் எஸ்ஜிபிடியை மட்டும் நம்பாமல் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அவருடைய இன்னொரு கேள்வி, ரிப்போர்ட்டில் எம்ஏஎஸ்எல்டி என்று போட்டிருக்கிறதாம், புது நோயா என்று. பழையதுதான். 2023இல் அமெரிக்க, ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கக் கல்லீரல் சங்கங்கள் சேர்ந்து என்ஏஎஃப்எல்டி என்ற ஃபேட்டி லிவரின் பழைய பெயரை இப்படி மாற்றினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பில் மட்டும் அதேதான்.

12 நவம்பர்

குடி பற்றி யாருமே கேட்கவில்லை, அதுவே சந்தேகமாக இருக்கிறது.

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். "தண்ணி உண்டுங்களா?" என்று கேட்டால் "எப்பவாச்சும் விசேஷத்துக்குங்க" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் வீட்டம்மா மேலே ஃபேனைப் பார்ப்பார். நம்ம பக்கம் விசேஷத்துக்கா பஞ்சம், காதுகுத்து, சீர், கிடா வெட்டு, புது போர் போட்டது, போர் வேலை செய்யாதது. அதனால் நான் இப்போதெல்லாம் வீட்டம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, "போன வாரத்துல எத்தனை நாளுங்க?" என்று கேட்கிறேன். பதில் மாறிவிடும். இது வம்புக்காக இல்லை. நிறையக் குடித்துக்கொண்டிருக்கும்போது கல்லீரல் வீங்கி அழற்சியோடு இருக்கும், இறுக்கம் உண்மையைவிடக் கூட வரும். நிறுத்திக் கொஞ்ச நாள் கழித்து எடுத்தால் இறங்கிவிடும்.

மஞ்சள் காமாலையோடு வருகிறவர்களும் அப்படித்தான். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே "ஒரு ஃபைப்ரோ எடுத்துருங்க" என்பார்கள். அந்த நேரத்தில் எடுத்தால் எண் எகிறும், அதைப் பார்த்துவிட்டு வீடே அழும். இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும், பித்தநாளம் அடைத்திருந்தாலும் இதே கதை.

13 நவம்பர்

"வெறும் வயித்துல வரணுமா?" ஆமாம், குறைந்தது 3 மணி நேரம். சாப்பிட்டவுடன் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் கூடும், இறுக்க எண்ணும் ஏறும். காலையில் டீயும் தேங்காய் பன்னும் முடித்துவிட்டு வந்து "நான் இன்னும் சாப்பிடலைங்க" என்று சொல்கிறவர்கள்தான் எனக்குத் தலைவலி. நம்ம ஊர்க்காரருக்குப் பேக்கரியில் சாப்பிட்டதெல்லாம் கணக்கிலேயே வராது.

22 நவம்பர்

இலவச முகாம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மருந்துக் கம்பெனி மிஷினைக் கொண்டுவந்து ஒரு கிளினிக்கில் வைப்பார்கள், காலையிலிருந்து மதியம் வரை வரிசையில் ஆள். நானும் போயிருக்கிறேன். என் கருத்து கொஞ்சம் கசப்பானது: முகாமுக்கு வருவது ஏற்கெனவே நடைப்பயிற்சி போகிற, வருஷா வருஷம் செக்கப் எடுக்கிற ஆட்கள். அவர்களுக்கு கேப் 280 என்று ஒரு சீட்டைக் கொடுத்து ஒரு மாத்திரைப் பட்டியலையும் கொடுத்து அனுப்புகிறார்கள். சுகருக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு காடு தோட்டத்தில் வேலை செய்கிற, ஒல்லியாக இருப்பதாலேயே யாரும் சந்தேகப்படாத பெண்கள் வருவதே இல்லை. வரிசையின் வேகத்தில் சாப்பிட்டீர்களா என்று கேட்கக்கூட நேரமிருக்காது.

24 நவம்பர்

முதலில் கேட்ட திருப்பூர் தம்பி மறுபடி வந்திருக்கிறார், கொஞ்சம் கோபமாக. அவருடைய அம்மா தாராபுரம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார், வயது 61, ஒல்லி, பல வருஷமாகச் சுகர். போன மாதம் இப்படி ஒரு முகாமில்தான் அவருக்கு இறுக்கம் 10.4 என்று வந்ததாம், கேப் 252. "முகாம் இல்லைன்னா தெரிஞ்சே இருக்காதுங்ணா" என்கிறார். முகாமில் இருந்தவர் கொழுப்பு கம்மிதான், பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

நியாயம்தான். முகாமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்தச் சீட்டில் எந்த எண்ணைப் படித்துச் சொன்னார்கள் பாருங்கள். 252ஐப் படித்தார்கள், 10.4ஐ விட்டுவிட்டார்கள். இதுதான் நான் முதலிலிருந்து கத்திக்கொண்டிருப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லீரல் மிகவும் முற்றிச் சுருங்கும் கட்டத்தில் கொழுப்பு தானாகவே குறைந்துவிடுவதும் உண்டு. அதனால் "கொழுப்பு கம்மி" என்பது எப்போதும் நல்ல செய்தி இல்லை. உங்கள் அம்மாவுக்கு அப்படி என்று சொல்லவில்லை, பதறாதீங்க. அன்றைக்குக் காலையில் சாப்பிட்டாரா? ரத்தப் பரிசோதனை இருக்கிறதா?

25 நவம்பர்

நாலு இட்லி சாப்பிட்டிருக்கிறார். பாவம், சுகர்காரர், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக எப்படி வருவார், யாரும் சொல்லவும் இல்லை.

ஏஎஸ்டி 44, ஏஎல்டி 36, பிளேட்லெட் 1.8 லட்சம். 61ஐ 44ஆல் பெருக்கினால் 2684. கீழே 180ஐ 6ஆல் பெருக்கினால் 1080. விடை 2.49. நடுவாந்திரத்தில் மேல் முனை. எஸ்ஜிபிடி நார்மல் என்று இத்தனை வருஷமும் யாரும் கண்டுகொள்ளவில்லை போல. இவருக்குத்தான் ஸ்கேன் தேவை தம்பி, உங்களுக்கு இல்லை. வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள், காலை முதல் ஆளாக. மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

26 நவம்பர்

காங்கேயத்துப் பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்தில் கம்பஞ்சோறும் ராகிக்களியும் தின்றோம், ஒரு லிவரும் கெடவில்லை என்று. ஐயா, அந்தக் காலத்தில் ஸ்கேனும் இல்லை. ஆனால் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தும் ஏர் ஓட்டியும் எரித்த அளவுக்கு இப்போது யாரும் எரிப்பதில்லை என்பது உண்மை. கம்பு நல்லதுதான், அதை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தால் கம்புக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

காபி கேட்டவருக்கு: காபி குடிக்கிறவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகளில் இருக்கிறது. சர்க்கரை போடாத காபி. அங்கேயே பாதிப் பேர் போய்விடுவார்கள்.

3 டிசம்பர்

என் சொந்தக் கதை. புது புரோப் வந்தால் எங்கள் சென்டரில் ஒருவரை ஒருவர் படுக்க வைத்துப் பார்ப்போம். எனக்கு கேப் 300ஐத் தாண்டியது, இறுக்கம் 5 சொச்சம். நான் அப்படி ஒன்றும் குண்டு இல்லை. அன்றைக்கு வீட்டில் சொல்லவே இல்லை. அப்புறம் பேக்கரியை விட்டேன், இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளினேன், கொஞ்சம் எடை குறைந்தது. அடுத்த முறை பார்த்தால் 262. துள்ளினேன், எங்கள் டாக்டர் சிரித்தார். கேப் ஒரே ஆளுக்கே கொஞ்சம் மேலே கீழே ஆடும், புரோபை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து. பத்து இருபது மாறியதற்கெல்லாம் கொண்டாட வேண்டாம், அழவும் வேண்டாம். என்னுடையது நாற்பதுக்கு மேல் என்பதால் கொஞ்சம் கொண்டாடிக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

எடைக் கணக்கு எல்லாருக்கும் தெரியட்டும்: உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி குறையும், 10க்கு மேல் என்றால் தழும்பே கொஞ்சம் கரையலாம். 80 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் 4 கிலோ. அதற்கு எந்த மிஷினும் வேண்டாம், எடை மிஷின் போதும்.

11 டிசம்பர்

அம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 8.9. பத்து அளவுகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு, நம்பலாம். இறங்கியிருக்கிறது, ஆனால் 8க்குக் கீழே வரவில்லை. கோயம்புத்தூரில் கல்லீரல் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள், சுகர் மாத்திரையை மாற்றி, எண்டோஸ்கோப்பி இப்போது வேண்டாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் என்றாராம். நடுவாந்திர ஆட்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் போகும். மருந்து உண்டா என்று கேட்டார்: ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும், செமாகுளூடைடுக்கு இந்த நோய்க்கென்று 2025 ஆகஸ்டிலும் அனுமதி கிடைத்தது. இரண்டுமே நடுத்தரம் முதல் முற்றிய தழும்பு உள்ளவர்களுக்கு, சிரோசிஸ் (கல்லீரல் முற்றிலும் தழும்பேறிச் சுருங்குவது) ஆகாதவர்களுக்கு. எந்தக் கட்டம் என்று அளந்து வைத்திருந்தால்தான் அந்தப் பேச்சே எடுக்க முடியும்.

17 ஜனவரி 2026

பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோன்புக்கு ஆள்கள் போய்விட்டதால் சென்டர் காலி, அதனால் பாக்கிக் கேள்விகள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2021 பிப்ரவரியிலேயே ஃபேட்டி லிவரைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. கிராமத்தில் பிரஷர், சுகர் பார்க்க வருகிறவர்களிடம் கேளுங்கள், இடுப்பு அளவும் எடுக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீங்க.

குண்டாக இருப்பவர்களுக்கு மிஷின் வேலை செய்யாது என்பது பாதி சரி. தோலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் கொழுப்பு தடிமனாக இருந்தால் சாதாரண எம் புரோபில் அளவு வராது, எக்ஸ்எல் புரோப் போட வேண்டும். போகும் முன் அது இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் எந்தப் புரோபும் உதவாது. இப்போது பெரிய அல்ட்ராசவுண்ட் மிஷின்களிலேயே இறுக்கம் பார்க்கும் வசதி வருகிறது, அதுவும் நல்லதுதான், ஆனால் அந்த எண்ணையும் ஃபைப்ரோஸ்கேன் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஏறியதா இறங்கியதா என்று பார்க்கக் கூடாது. ஒரே மிஷினில் தொடருங்கள்.

19 ஜனவரி

ரிப்போர்ட்டில் ஐக்யூஆர் என்றால் என்ன என்று கேட்ட பல்லடத்துக்காரருக்கு: பத்து தடவை தட்டுகிறோம் அல்லவா, அந்தப் பத்தும் எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற கணக்கு. பக்கத்தில் சதவீதம் இருக்கும். 30க்குள் இருந்தால் சரி. உங்களுடையது 44 என்று போட்டிருக்கிறது, இறுக்கமோ 9 சொச்சம். இதை வைத்து முடிவு எடுக்க முடியாது. காசு கட்டாமல் மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.